கரையில் கிடந்த பொருட்கள்

இலஞ்சி
சனிக்கிழமை, ஆடி மாதம்

அன்பு மகன் குற்றாலீஸ்வரனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் அக்கா வேல்விழி, அவள் வயிற்றிலிருக்கும் ஏழு மாசம், எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்பதைப் போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு உறுதி செய்துகொண்டோம். அதற்கு முன்னால், காலை பதினொன்றே காலிலிருந்து அந்த நாலு பத்து வரைக்கும், இந்த வீட்டில் நீ உயிரோடு இல்லை. நீ உன் அக்காவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வியாம். அப்பாவா கிழிச்சாவ என்று கேட்டாய், அவள் ஆமா என்றாள், சரி என்று சொல்லி வைத்துவிட்டாய். அவள் வாட்ஸ்அப்பில் நடந்ததைப் பக்கம் பக்கமாக எழுதினாள், அதற்கும் அப்பாவுக்காக நீ சாக்கு சொல்லாதக்கா என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போனை அணைத்துவிட்டாய். நாலு நாளாக அணைத்தே வைத்திருக்கிறாய். சரி. நீ அனுப்பினதைக் கிழித்தது நான்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காகக் கிழிக்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் ஸ்டேஷனில் ரைட்டராக உட்கார்ந்து ஊரான் வாக்குமூலத்தையெல்லாம் எழுதினவன், இன்றைக்கு என் வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதுகிறேன். முழுக்க வாசி, அதன்பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. வைகாசி பாதியிலேயே அருவி கொட்ட ஆரம்பித்து, இரண்டு தடவை குளிக்கத் தடை போட்டு எடுத்துவிட்டார்கள். தென்காசியிலிருந்து இங்கே வரைக்கும் வேனும் காரும் நெருக்கியடித்து நிற்கிறது, நான் கறிவேப்பிலை வாங்கப் போக வேண்டுமென்றாலும் வெளியூர்க்காரன் தயவில்தான் ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது. படி ஏறும்போது மட்டும் என் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் ஏறுகிறாள், திட்டுவதற்காக. கிணற்றடித் தென்னையில் வண்டு விழுந்து குருத்தைத் தின்றுவிட்டது. வேல்விழிக்கு வீரகேரளம்புதூரில் ஒரு குறையும் இல்லை, மாப்பிள்ளை தாங்குகிறார், நாக்குக்கு மட்டும் நம் வீட்டுப் புளிக்குழம்பு கேட்கிறாள், வாரம் ஒருமுறை தூக்குச்சட்டியோடு நான்தான் பஸ் ஏறுகிறேன். பார், என்னத்தையெல்லாமோ எழுதிக்கொண்டிருக்கிறேன். விஷயத்துக்கு வரப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் வாசலில் டி.வி.எஸ். வண்டியின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன், சாரலுக்கு அது மக்கர் பண்ணுகிறது. தபால்காரர் வேல்ராஜ் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு வந்து, அண்ணாச்சி, வெளிநாட்டுத் தபாலு, ஒரு கையெழுத்துப் போடுங்க என்றார். உள்ளே அட்டை வைத்த வெள்ளைக் கவர். என் பெயருக்குத்தான் வந்திருந்தது. ஆனால் முகவரி உன் கையெழுத்தில் இல்லை, யாரோ வெள்ளைக்காரக் கையெழுத்து. மூன்று வருஷமாக ஒரு சேதி இல்லாத பிள்ளையைப் பற்றி அந்நியக் கையெழுத்தில் ஒரு தபால் வந்தால் பெற்றவன் என்னவென்று நினைப்பான்? வேல்ராஜ் அந்தப்பக்கம் போனதும் கேட்டிலேயே நின்று பிரித்தேன். கல்யாணப் பத்திரிகை அளவுக்குக் கெட்டியாக ஒரு தாள். நாலு பக்கமும் கறுப்புக் கரை. உள்ளே கறுப்பு மையில் ஒரு கடற்கரை. கவிழ்த்துப் போட்ட படகு, குவித்துப் போட்ட வலை, அதன்மேல் சாய்ந்து கிடந்த இரண்டு துடுப்பு, கூண்டு கூண்டாக என்னவோ நாலு, சுருட்டின கயிறு, தண்ணீர் ஓரத்தில் ஒரு ஜோடி முழங்கால் பூட்ஸ், அதில் ஒன்று விழுந்து கிடந்தது. ஆள் இல்லை. எவ்வளவு தேடியும் ஒரு ஆள் இல்லை. படத்துக்குக் கீழே பென்சிலில் இங்கிலீஷில் இன்ஷியலோடு உன் முழுப்பெயர். வேறு ஒரு எழுத்துக் கிடையாது.

நான் குற்றாலத்தில் இருந்த ஒன்பது வருஷமும் சீசன் வந்தால் எனக்கு என்ன வேலை என்று நீ சின்னப்பிள்ளையிலேயே பார்த்திருக்கிறாய். தடுப்பைத் தாண்டிப் போகிறவன், குடித்துவிட்டு அணையில் இறங்குகிறவன், எல்லாருக்கும் கடைசியில் கரையில் கிடப்பதைப் பட்டியல் எழுதுகிறவன் நான்தான். ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. நீலக் கட்டம் போட்ட லுங்கி ஒன்று. துண்டு ஒன்று. செல்போன் ஒன்று, அடித்துக்கொண்டிருந்தது. சாமான் கரையில் இருக்கும், ஆள் தண்ணீருக்குள் இருப்பான், பட்டியலுக்கு அடியில் அவன் பெயர் இருக்கும். அப்படி எத்தனை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. உன் படத்தில் அந்தப் பூட்ஸைப் பார்த்தபோது என் கை பழக்கத்தில் பட்டியலைத்தான் எழுத ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், படகு ஒன்று, வலை ஒன்று, துடுப்பு இரண்டு என்று என் வாய் முணுமுணுத்தது. கீழே வந்தால் உன் பெயர். கறுப்புக் கரை. நம் ஊரில் கறுப்புக் கரை போட்டுத் தபாலில் ஒன்று வந்தால் அது துட்டிக் கார்டு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், சாவுச் செய்தியை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பதும் தெரியும். அந்த நாட்டிலும் அப்படித்தான் அச்சடித்து அனுப்புவார்கள் போலிருக்கிறது, கூட வேலை பார்க்கிறவன் எவனோ முகவரி தேடி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். நீ கடலில் போய்விட்டாய் என்றே நினைத்தேன், ராசா.

கிழித்தேன். லேசில் கிழியவில்லை, அவ்வளவு கெட்டித் தாள், பல்லைக் கடித்துக்கொண்டு கிழித்தேன். கவரையும் துண்டுகளையும் வாய்க்கால் ஓரம் எறிந்துவிட்டுத் திரும்பினால் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும், யாருங்க என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், நம்ம ஈஸ்வரனா என்றாள். அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கத்த வாயெடுத்தவளை நான்தான் கையால் பொத்தினேன். சத்தம் போடாதட்டி, ஊரு கூடிரும், வேல்விழி காதுக்குப் போயிரும், அவ ஏழு மாசம்ட்டி என்றேன். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பது அம்மாவுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு உள்ளே போனாள். பூசையறையில் குப்புறப் படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அவள் அழுத அழுகையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். ஒருத்திக்கு மட்டும் சொல்லக் கூடாது என்று நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோமே, அவள் ஒருத்திக்குத்தான் நீ உயிரோடு இருப்பது தெரியும். என் கூறுகெட்ட புத்தியை என்ன சொல்வது. அவள் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. எனக்குப் பயந்து என்னிடம் சொல்லவில்லை, அம்மா வாயில் ரகசியம் நிற்காது என்று அவளிடமும் சொல்லவில்லை.

பகல் ஒரு மணி இருக்கும். அம்மா எழுந்து வந்து, ஏங்க, கேட்ட அன்னைக்கே தல முழுகணும், பெத்தவங்க நாமளே முழுகாம இருந்தா அவனுக்கு ஆகாது என்றாள். கிணற்றடியில் வாளியை இறைத்து வைத்தாள். நான் எழுந்து போய் வாளிக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்று வருஷத்துக்கு முன் எஸ்.ஐ. தேர்வில் எல்லாம் ஜெயித்துவிட்டு நேர்முகத்துக்குப் போகாமல் நீ வெளிநாட்டில் படம் வரையப் படிக்கக் கிளம்பினாயே, அன்றைக்கு இதே வாசலில் நின்று உன்னைத் தலைமுழுகிவிட்டேன், உன் எழுத்து ஒன்றுகூட இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று தெருவே கேட்கக் கத்தினவன் நான். இப்போது நிஜமாக ஒரு செம்பு தண்ணீரை மொண்டு தலையில் ஊற்ற முடியவில்லை. எம்புள்ளைக்கு நான் முழுக மாட்டேன்ட்டி, நீ வேணா முழுகு என்றேன். அவளும் ஊற்றவில்லை. வாளிக்கு இந்தப்பக்கம் ஒருத்தர் அந்தப்பக்கம் ஒருத்தராக மூன்று மணிநேரம் ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். சாப்பிடவில்லை, யாருக்கும் போன் பண்ணவில்லை. அந்தக் கவரை எடுத்து அனுப்பினவன் யார், எந்த ஊர் என்று பார்க்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. நானெல்லாம் போலீஸ்காரன்.

நாலு மணிக்கு வேல்விழி போன் பண்ணினாள், புளிக்குழம்புக்கு வெந்தயம் எப்பப் போடணும் என்று கேட்க. அம்மா நல்லாத்தான் ஆரம்பித்தாள், எண்ண காஞ்சதும் போடுட்டி என்று சொன்னாள், அடுத்த வார்த்தை வராமல் உடைந்துவிட்டாள். தம்பி போயிட்டாம்ட்டி, கடலோட போயிட்டான் என்று கதறிவிட்டாள். நான் போனைப் பிடுங்கப் போனேன். அதற்குள் வேல்விழி போட்ட சத்தம் எனக்கே கேட்டது. என்னம்மா உளறுத, ஞாயித்துக்கிழமை ஒரு மணிநேரம் அவங்கூட பேசுனேன், இன்னைக்குக் காலைல முட்டை பொரிச்சு கருக்கி போட்டோ அனுப்பியிருக்காம்லா என்றாள். அப்படியே உன்னையும் அந்தப் போனில் சேர்த்தாள். என்னக்கா என்று உன் குரல் வந்தது. மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரலைக் கேட்டதும் என் வாயில் என்ன வந்தது பார், ஏலே மூதி, உசுரோடதாம்லே இருக்க, ஏம்லே இப்படிப் பண்ணுன என்று கத்தினேன். போனை அம்மா மடியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் பின்னால் போய்விட்டேன். நீ கேட்டது அந்த ஒரு கத்தல்தான். பழைய கோபத்தோடு கத்துகிறேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய், நான் உன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அதற்குமேல், வந்தது படம்தான் என்று வேல்விழி சொன்னதும், அம்மா அழுதுகொண்டே அது உன் படம் என்று தெரியாம அப்பா கிழிச்சிட்டாவ என்று சொன்னதில் உன் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான்.

அது நீ செம்புத் தகட்டில் கீறி, திராவகத்தில் ஊறப்போட்டு, மை தடவி எடுத்த படம், எட்சிங் என்பார்கள் என்று, நான் திரும்பி வந்து போனை வாங்கினபோது வேல்விழி சொல்லித்தான் தெரியும். உடனே வாசலுக்கு ஓடினேன். சாரல் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் ஓரம், பக்கத்து வீட்டு வாழைக்குள், ரோட்டில் நின்ற வேனுக்கு அடியில் என்று முட்டிபோட்டுத் தேடினேன். குளிக்க வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது, ஒருத்தர் பெரியவரே ரூபாயா பறந்துட்டு என்று கேட்டார். ஒன்பது துண்டாகக் கிழித்திருக்கிறேன், எட்டுக் கிடைத்தது. துவைத்த வேட்டியை விரித்து அதில் ஒற்றி எடுத்து, விசிறிக்குக் கீழே காயவைத்து, மறுநாள் காலையில் தென்காசியில் கிதிர் முகம்மது கடைக்குக் கொண்டுபோனேன். உனக்குத் தெரிந்திருக்காது, கடையநல்லூர்க்காரர், துபாயில் பதினோரு வருஷம் படத்துக்குச் சட்டம் போடுகிற வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் கடை போட்டிருக்கிறார். நான் போனதுமே லேமினேஷன் போட்டுருங்க என்றேன், அவர் என்னைப் பார்த்த பார்வை, ஒரு குற்றவாளியை நான்கூட அப்படிப் பார்த்ததில்லை. அண்ணாச்சி, இது மிஷின்ல அடிச்சது இல்ல, இந்தக் கரை துட்டிக் கரையும் இல்ல, தகடு அமுங்குன ஓரத்துல மை நின்னிருக்கு, தொட்டுப் பாருங்க, பள்ளம் தெரியும் என்றார். தொட்டுப் பார்த்தேன். தெரிந்தது.

துண்டுகளைக் கண்ணாடிமேல் அடுக்கினோம். நான் லென்ஸை வைத்துக்கொண்டு பூட்ஸையும் வலையையும் துருவித் துருவிப் பார்க்கிறேன், வெறும் கீறலாகத்தான் இருக்கிறது, கோழி கிளறினதுபோல. அவர் சிரித்துவிட்டு, இது இம்ப்ரஷனிஸ்ட் மாதிரி போட்டிருக்காப்ல, கிட்ட வச்சுப் பாத்தா ஒண்ணும் ஆவாது, லென்ஸ வச்சிட்டு நாலடி தள்ளிப் போங்க என்றார். கடையின் வாசல்வரைக்கும் தள்ளிப் போய் நின்று பார்த்தேன். அடேயப்பா. தண்ணீர் மின்னுகிறது, ஈர மணல் பளபளக்கிறது, வெயில் ஏறிக்கொண்டிருக்கிற நேரம் என்றுகூடத் தெரிகிறது. நான் கோழி கவிழ்க்கிற பஞ்சாரம் என்று நினைத்த கூண்டு நாலும் நண்டு பிடிக்கிற கூண்டாம், அவர்தான் சொன்னார். ஆள் இல்லையே, சாமானைப் போட்டுவிட்டு எங்கே போனான் என்று கேட்டேன். வரைஞ்சவன் இங்கன நீங்க நிக்கிற இடத்துலல்லா நிப்பான், எப்படிப் படத்துக்குள்ள வருவான் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை பட்டியல் எழுதினேனே, எந்தப் பட்டியலிலாவது நான் இருந்திருக்கிறேனா? பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டுதானே இருந்தேன்.

ஒட்டலாம் என்று துண்டுகளைத் திருப்பிப் போட்டார் கிதிர் முகம்மது. போட்டவர் கையை எடுத்துக்கொண்டு, அண்ணாச்சி, பின்னால தமிழ்ல எழுதியிருக்கு என்றார். அப்பா என்று ஒரு துண்டில் இருந்தது. வுக்கு என்று இன்னொரு துண்டில் இருந்தது. நடுவில் நான் கிழித்த கிழிசல். அது உன் கையெழுத்து, ஐந்தாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்த கையெழுத்து. ஒரு எழுத்து வரக் கூடாது என்று நான் சொன்னதற்காக முகவரியைக்கூட வேறு ஆளை எழுத வைத்துவிட்டு, யாரும் பார்க்காத பக்கத்தில், பென்சிலில், சின்னதாக எழுதியிருந்தாய். நான் அந்தக் கடையில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார். கிடைக்காத ஒன்பதாவது துண்டு வானத்தில் ஒரு மூலை, அந்த இடத்தில் ஓட்டை தெரிகிறது, தெரியட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது உன் அம்மாவுக்கும் தெரியாது. வழக்கத்துக்காகக் கிழித்தேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மேலே உனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. துட்டிக் கார்டை வாசித்த பிறகுதான் கிழிப்பார்கள். நான் உன் பெயரைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன், பின்பக்கம் திருப்பவே இல்லை. பின்பக்கம் பார்க்காமல் ஒரு காகிதத்தை நான் கீழே வைத்தது என் சர்வீஸிலேயே கிடையாது. அன்றைக்குப் பயந்துவிட்டேன். திருப்பினால் தேதி இருக்கும், எத்தனை மணிக்கு, எந்தக் கரையில் என்று இருக்கும், வாசித்து முடித்தால் அது நடந்ததாகிவிடும் என்று பயம். பாதியில் கிழித்துப் போட்டுவிட்டால் ஒருவேளை நடக்காமல் போய்விடாதா என்று ஒரு பைத்தியக்கார ஆசை. கோபத்தில் கிழித்தேன் என்று நீ நினைக்கிறாய். பல்லைக் கடித்துக்கொண்டு நான் கிழித்தது உன் படத்தை இல்லை ராசா, உன் சாவை. நீ நம்பினால் சரி, நம்பாவிட்டாலும் நடந்தது இதுதான். திருப்பிப் பார்த்திருந்தால் என் பெயர் இருந்திருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

முட்டையைக் கருக்காமல் பொரிக்கக் கற்றுக்கொள், தீயைக் குறைத்து வை. திராவகத்தோடு வேலையாம், கையுறை போடாமல் தொடாதே, கண்ணுக்குக் கண்ணாடி போடு. அந்தப் பூட்ஸ் உன்னுடையது என்று வேல்விழி சொன்னாள், அப்படியானால் தண்ணீரில் நின்றுகொண்டா வரைந்தாய்? வெள்ளைக்காரன் கடலும் கடல்தான், இடுப்பளவுக்கு மேல் இறங்காதே. ஐப்பசியில் வேல்விழிக்குப் பிள்ளை பிறந்துவிடும், காது குத்தும்போது தாய்மாமன் மடிதான் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் மடியில் வைத்துக் குத்த முடியாது, அதற்குத் தக்கபடி லீவைப் பார்த்துக்கொள். இலஞ்சிக் குமரன் உன்னை ஒரு குறையில்லாமல் வைக்கட்டும். கை நிறைய வேலையும் வேளாவேளைக்குச் சோறும் கிடைத்து, நூறு வயசு இரு. முக்கியமாக ஒன்று. இது உன் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் நாலு மணிக்கு வேல்விழி போன் பண்ணுவாள். கோபம் இருந்தால் இருக்கட்டும், நீ ஒன்றும் பேச வேண்டாம். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மா மூச்சு விடு, போதும், அம்மா கேட்டுக்கொள்வாள்.

இப்படிக்கு
உன் அப்பா
சொரிமுத்து

அடித்தல் திருத்தல் ஒன்று: கடைசி வரியில் அம்மா என்று இருக்கும் இடத்தில் அப்பா என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும். சொ.